எடையும் சான்றும்: பண்டைக் கிரேக்கப் படைக்கல நகல்களும் வரலாற்று மீள்நிகழ்த்தலும்

ஆய்வுச்சுருக்கம்

பண்டைக் கிரேக்கக் காலாட்படை வீரரின் தலைக்கவசம், கேடயம், மார்புக்கவசம், ஈட்டி ஆகியவற்றின் நகல்களைப் பெற்று, அவற்றை அணிந்து பழம்போரை மீள நிகழ்த்திப் பார்ப்போர் இன்று பல நாடுகளில் உள்ளனர். அந்நிகழ்த்துதல்களில் கிடைக்கும் பட்டறிவு அண்மைக்கால ஆய்வு நூல்களில் சான்றாகவும் எடுத்தாளப்படுகிறது. நகல் எப்பொருளால், எந்த எடையில், யாருக்காகச் செய்யப்பட்டது என்ற வினாவை எழுப்பாமல் அச்சான்றை ஏற்கலாகாது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: ஹாப்லைட், ஆஸ்பிஸ், லினோதோராக்ஸ், மீள்நிகழ்த்துதல், நகல் படைக்கலம், மராத்தான்.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மராத்தான் சமவெளியில் பல நாடுகளைச் சேர்ந்த மீள்நிகழ்த்துக் குழுவினர் முழுக் கவசத்துடன் கூடினர். கி.மு. 490இல் ஏதென்சு நகரத்தார் பாரசீகப் படையை வென்றதன் 2500ஆம் ஆண்டு நிறைவு அது. (முந்தைய ஆண்டிலேயே விழா எடுத்தோரும் உண்டு. கி.மு.வுக்கும் கி.பி.க்கும் இடையில் சுழியாண்டு இல்லை என்பது அவர்கள் கணக்கில் விடுபட்டுப் போயிற்று.) இலண்டனிலிருந்து இயங்கும் ஹாப்லைட் சங்கம், ஏதென்சின் கோரிவாந்தெஸ் போன்ற குழுக்கள் இத்துறையில் அறியப்பட்டவை. இவற்றின் உறுப்பினருள் வரலாற்று ஆசிரியரும் உளர், பிற தொழில் செய்வோரும் உளர். தத்தம் படைக்கலத்தைத் தாமே தேடிப் பெறவேண்டும் என்பதே இவர்கள் அனைவர்க்கும் பொதுவான முதற்சிக்கல்.

மூலப் பொருளை வாங்குதல் என்னும் வழி இங்கு இல்லை. கிரேக்க நாட்டின் 3028/2002ஆம் எண் சட்டம் தொல்பொருட்களை அரசின் காப்பின்கீழ் வைத்துள்ளது. அருங்காட்சியகத்தில் இருப்பவையும் அணியும் நிலையில் இல்லை. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுக் களிம்பு சில இடங்களில் உலோகத்தைத் தின்றும், சில இடங்களில் புற்றாகப் படிந்தும் உள்ளமையால், இன்று தராசு காட்டும் எடை அன்றைய வீரன் சுமந்த எடையன்று. ஆகவே நகல் ஒன்றே வழி. ஆனால் ஒவ்வொரு நகலும் அதைச் செய்தவனின் கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

சொந்தச் செலவில் படைக்கலம்

தன் படைக்கலத்தைத் தானே தேடிக்கொள்ளும் இந்நிலை ஹாப்லைட் வீரனுக்கும் உரியதே. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சார்ந்ததாகக் கருதப்படும் சலாமிஸ் குடியேற்றம் பற்றிய ஏதென்சுக் கல்வெட்டு, அங்குக் குடியிருப்போர் 30 திராக்மா மதிப்புள்ள படைக்கலத்தைத் தாமே வைத்திருக்கவேண்டும் எனப் பணிக்கிறது. அரசே கேடயமும் ஈட்டியும் வழங்கும் வழக்கம் பிற்காலத்தில் பயிற்சி இளைஞர்க்கு ஏற்பட்டமையை அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் ஏதென்சு அரசியலமைப்பு நூல் கூறுகிறது.

உற்பத்தியும் சிறிதன்று. கி.மு. 404இல் முப்பதின்மர் ஆட்சி தம் குடும்பத்திடமிருந்து 700 கேடயங்களையும் 120 அடிமைகளையும் பறித்துக்கொண்டதாக லிசியாஸ் தம் உரையில் முறையிடுகிறார். அரிஸ்டோபனீசின் 'அமைதி' நாடகத்தில், போர் ஓய்ந்ததால் விலைபோகாத மார்புக்கவசத்தை வைத்துக்கொண்டு வணிகன் படும் பாடு நகைச்சுவையாக்கப்படுகிறது.

நகல் வாங்குவோர் யாவரும் படிக்கத்தக்க பகுதி செனபோனின் 'நினைவுக் குறிப்புகள்' மூன்றாம் நூலில் உள்ளது. சாக்ரடீஸ், பிஸ்டியாஸ் என்னும் கவசக் கம்மியரிடம் செல்கிறார். பிறர் செய்வதைவிட வலிமையோ பொன் வேலைப்பாடோ மிகாத உம் கவசத்திற்கு ஏன் கூடுதல் விலை என வினவுகிறார். அணிவோன் உடலுக்குப் பொருந்துமாறு செய்வதே காரணம் என்பது கம்மியரின் விடை. பொருந்திய கவசத்தின் சுமை தோள், கழுத்தெலும்பு, மார்பு, முதுகு, வயிறு எனப் பரவுவதால் அது சுமையாகவே தோன்றாது என்னும் முடிவுக்கு உரையாடல் வருகிறது. பொருந்தாத கவசம் அதே எடையிலும் தோளில் தொங்கி வருத்தும். இப்பகுதியை மனத்திற்கொண்டால், பொது அளவில் செய்து விற்கப்படும் நகலை அணிந்து, 'பண்டைக் கவசம் தாங்கவொண்ணாதது' எனத் தீர்ப்புரைப்போரின் கூற்று எத்துணை வலுவற்றது என்பது விளங்கும்.

வெண்கலமும் பித்தளையும்

இன்றைய சந்தையில் இந்தியாவின் பங்கு பெரிது. மீரட்டிலும் டேராடூனிலும் உள்ள தொழிற்கூடங்கள் ஐரோப்பிய, அமெரிக்க மீள்நிகழ்த்துநர்க்கும் திரைப்படத்துறைக்கும் படைக்கல நகல்களை ஏற்றுமதி செய்கின்றன. 1943இல் கூர்க்கா வீரர்க்குக் குக்ரி செய்யத் தொடங்கிய டேராடூனின் விண்ட்லாஸ் நிறுவனம் இவ்வகையில் நெடுங்காலம் நிலைத்தது. தொடக்கநிலை ஆர்வலர் பெரும்பாலும் இத்தகைய பட்டியல் பொருளையே நாடுவர். விலை குறைவு என்பதும், காத்திருக்க வேண்டியதில்லை என்பதும் காரணங்கள். கிரீஸ், ஆஸ்திரேலியா, கனடா முதலிய நாடுகளின் தனிக் கம்மியரிடம் அளவு கொடுத்துச் செய்வித்தால் விலை பன்மடங்காகும்.

வேறுபாடு விலையில் மட்டுமன்று. கொரிந்தியத் தலைக்கவசம் ஒரே வெண்கலத் துண்டிலிருந்து, அடித்தும் சூடேற்றிப் பதம் தளர்த்தியும் மீண்டும் அடித்தும் உருவாக்கப்பட்டது. மூக்குக்காப்பு தடித்தும் மண்டைப்பகுதி மெலிந்தும் இருக்கும். மலிவு நகலிலோ சீரான தடிப்புள்ள பித்தளை அல்லது எஃகுத் தகடு இரு பகுதிகளாக வெட்டிப் பற்றவைக்கப்படுவதுண்டு. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது, பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. நிறத்தில் ஒத்திருப்பினும் இரண்டும் ஒன்றாகா. தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொல் இருந்தும் விற்பனைப் பட்டியலைத் தமிழாக்குவோர் ஒன்றை மற்றொன்றாக எழுதிவிடுவது வருந்தத்தக்கது. ஒலிம்பியாவில் கிடைத்த, மில்டியாடீஸ் சேயுசுக்குப் படைத்ததாகப் பொறிப்புள்ள தலைக்கவசத்தைப் பார்த்தோர், அதன் மெல்லிய விளிம்பையும் தலையை ஒட்டிய வடிவையும் உணர்வர். உள்ளே தடித்த மெத்தை வைக்க இடம் கொடுக்கும் நகல்கள் அகன்றும் பருத்தும் போவதால், ஒலிக்கும் பார்வைக்கும் நேரும் தடையை அவற்றைக் கொண்டு அளத்தல் பொருந்தாது.

கேடயம்

ஆஸ்பிஸ் எனப்படும் வட்டக் கேடயமே ஹாப்லைட்டின் அடையாளம். முன்கை நுழையும் நடுவளையம் போர்பாக்ஸ், விளிம்பருகே விரல்கள் பற்றும் பிடி அன்டிலபே. சுமையின் பெரும்பகுதி இதனாலேயே ஏற்பட்டது. ஆகவே நகலில் இதன் எடை பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும்.

மரப்பகுதியுடன் எஞ்சிய சான்றுகள் மிக அரியவை. வத்திக்கான் கிரிகோரிய எத்ரூரிய அருங்காட்சியகத்திலுள்ள பொமார்ட்சோ கேடயத்தை 1982இல் பிளைத் விரிவாக ஆராய்ந்தார். விட்டம் ஏறத்தாழ 82 செ.மீ., உடல் பாப்லர் மரம், மேற்புறத்தில் மிக மெல்லிய வெண்கலத் தகடு. முழு நிலையில் அதன் எடை ஏறத்தாழ 6 கிலோகிராம் இருந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. இஃது எத்ரூரியப் பொருள் என்பதைக் கிரேக்கக் கேடயம் பற்றி எழுதுவோர் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர். ஏதென்சின் அகோராவில் 1936இல் கண்டெடுக்கப்பட்ட, கி.மு. 425இல் பைலோசில் ஸ்பார்த்தரிடமிருந்து கைப்பற்றியதாகப் பொறிப்புள்ள கேடயத்தில் வெண்கலப் பகுதியே எஞ்சியுள்ளது, மரம் இல்லை.

மூத்த பிளினி தம் இயற்கை வரலாற்றில் வில்லோ, லிண்டன், பாப்லர் முதலிய மரங்களைக் கேடயத்திற்கு உகந்தவை எனக் கூறுகிறார். வெட்டுப்பட்டவுடன் அம்மரங்கள் சுருங்கித் தம் புண்ணைத் தாமே மூடிக்கொள்ளும் என்பது அவர் காட்டும் காரணம். எடை குறைந்தவை என்பதும் சேர்த்து எண்ணத்தக்கது. நகல் செய்வோர் பலர் கைக்கெட்டும் ஒட்டுப்பலகையையோ வன்மரத்தையோ கொள்கின்றனர். பலகைகளை ஒட்டிக் கடைசல் பிடித்துக் குழிவாக்கும் பழைய முறை உழைப்பு மிக்கது. தகடு அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டராகத் தடித்தாலே, ஏறத்தாழ ஒரு மீட்டர் விட்டமுள்ள பரப்பில் மூன்று கிலோகிராமுக்கு மேல் எடை கூடும் என்பதை எளிய கணக்கே காட்டும்.

எட்டு ஸ்டேடியா ஓட்டம்

மராத்தானில் இரு படைகளுக்கும் இடையில் எட்டு ஸ்டேடியாவுக்குக் குறையாத தொலைவு இருந்ததாகவும், ஏதென்சுப் படை ஓடியே தாக்கியதாகவும் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். எட்டு ஸ்டேடியா ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர். டான்லன், தாம்சன் ஆகிய இருவரும் 1976இல், பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர்க்குச் சுமையேற்றிச் செய்த சோதனையின் அடிப்படையில், அத்தொலைவு முழுவதும் ஓடிப் போரிடும் நிலையில் எதிரியை அடைதல் இயலாது என்றனர். 1989இல் வெளிவந்த தம் நூலில் விக்டர் டேவிஸ் ஹான்சன் முழுப் படைக்கலத்தின் எடையை 50 முதல் 70 பவுண்டு எனக் கொண்டார். தம் மாணவர் நகல் அணிந்து பெற்ற பட்டறிவையும் அவர் சுட்டினார். பீட்டர் கிரென்ஸ் 2010இல் வெளியிட்ட மராத்தான் நூலில் அவ்வெடையைக் கணிசமாகக் குறைத்து மதிப்பிட்டு, ஹெரோடோட்டசை நம்பலாம் என வாதிட்டார்.

இவ்வழக்கில் நகலே சான்றாக நிற்கிறது. 30 கிலோகிராம் நகலை அணிந்தவன் ஓட இயலாது. 15 கிலோகிராம் நகலை அணிந்தவன் ஓடுவான். முடிவு களத்தில் எட்டப்படுவதன்று, கம்மியனிடம் தகட்டின் தடிப்பைச் சொல்லும்போதே எட்டப்பட்டுவிடுகிறது. ஹெரோடோட்டஸ் மிகைப்படுத்தினாரா என்னும் வினாவுக்கு இவ்வகை ஓட்டம் தனித்து விடை தராது என்பதே கட்டுரையாளரின் கருத்து.

துணிக்கவசம்

மூலம் ஒன்றும் முழுமையாக எஞ்சாத பொருளுக்கு நகல் செய்வது இன்னும் கடினம். இலியட்டின் இரண்டாம் காண்டத்தில் 'துணிக்கவசம் அணிந்தவன்' எனப் பொருள்படும் அடைமொழி இருவர்க்கு வழங்கப்படுகிறது. லினோதோராக்ஸ் என்னும் இன்றைய வழக்கு அதனோடு தொடர்புடையது. கிரெகரி ஆல்டிரெட்டும் அவர்தம் குழுவினரும் விஸ்கான்சின்-கிரீன் பே பல்கலைக்கழகத்தில் துணியடுக்குகளைப் பசையால் ஒட்டி இக்கவசத்தைச் செய்து, அம்பெய்து சோதித்து, 2013இல் நூலாக வெளியிட்டனர். பழைய முறையில் கையால் நூற்று நெய்த ஆளித்துணியை அவர்கள் தேடிப் பெற்றமை பாராட்டத்தக்கது. ஒட்டி உலர்ந்த பலகையைக் கத்தரிக்க இயலாமல் மின்வாளை நாடவேண்டி வந்தது. அதனால் முன்னரே வெட்டிய துண்டுகளையே பழங்காலத்தார் ஒட்டியிருக்கவேண்டும் என அவர்கள் உணர்ந்தனர். கையில் பொருளின்றி ஏட்டளவில் இவ்வுண்மை புலப்பட்டிராது.

எனினும் பசை என்பது கருதுகோளே. பல அடுக்காகத் தைத்தது என்போரும், குவளை ஓவியங்களில் காண்பது தோலாலான ஸ்போலாஸ் என்போரும் உளர். 1977இல் ஆந்த்ரோனிகோஸ் வெர்கினாவில் அகழ்ந்த கல்லறையில் அதே வடிவம் இரும்பிலும் கிடைத்தது. வடிவத்தைக் கண்டு பொருளைத் துணிதல் எளிதன்று என்பதற்கு அது தக்க சான்று.

தெந்திராக் கவசம்

ஹாப்லைட் காலத்துக்குப் பல நூற்றாண்டு முற்பட்டதெனினும் இங்குக் குறிக்கத்தக்கது தெந்திராவில் 1960இல் கிடைத்த மைசீனிய வெண்கலக் கவசம். அதன் நகல் 1980களில் பர்மிங்காமில் செய்யப்பட்டது. மூலம் சடங்குப் பொருளா, போர்க்கருவியா என்ற ஐயம் நெடுநாள் நிலவியது. கிரேக்கக் கடற்படை வீரர் 13 பேர் அந்நகலை அணிந்து, 11 மணிநேரப் போர்ப்பயிற்சியில் ஈடுபட்டனர். அதன் முடிவை 2024இல் வெளியிட்ட ஆய்வுக்குழு, அது போரில் அணியத்தக்கதே என்றது. அக்கட்டுரையில் வடிவமும் எடையும் மூலத்தோடு ஒப்பிடப்பட்டு, அணிந்தோரின் உணவும் உடலியல் அளவைகளும் பதிவாகியுள்ளன. மீள்நிகழ்த்துக் குழுக்கள் தத்தம் கவசத்தின் உலோகம், தகட்டுத் தடிப்பு, எடை, மூலத்தினின்று வேறுபடும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அவர்களின் களப் பட்டறிவையும் இவ்வாறே எடுத்தாளலாம். இப்போதைக்கு அத்தகைய தாளுடன் விற்பனைக்கு வரும் தலைக்கவசம் அரிது.