ஒரு மரக்கோப்பையும் ஒரு மூலக்கூறின் பெயரும்

வெள்ளவத்தையில் எங்கட வீட்டுக் குசினி யன்னலில் ஒரு மரக்கோப்பை இருந்தது. அம்மம்மா படுக்கப் போக முன்னம் அதில தண்ணி ஊத்தி வைப்பா. விடிய அந்தத் தண்ணி நிறம் மாறி இருக்கும். வெறும் வயித்தில குடிச்சிட்டு, "சீனி வருத்தத்துக்கு இது போதும் பிள்ளை" என்பா. 100 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், கபோஸ் லேன் நாட்டு மருந்துக்கடை ஒன்றில் வாங்கிய கோப்பை அது. நான் அதை மூடநம்பிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். பிறகு வாசிக்கத் தொடங்கினேன்.

அந்த மரத்தைச் சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு என்பார்கள். சித்த மருத்துவத்தில் கடலழிஞ்சில். தாவரவியல் பெயர் சலாசியா ரெட்டிகுலாட்டா. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் காடுகளில் வளரும் தடித்த கொடி. அதன் வேர்ப்பட்டையைச் சலரோகத்துக்குக் கொடுப்பது இரண்டு மருத்துவ மரபுகளிலும் பழைய வழக்கம்.

நவீன ஆய்வு கொழும்பிலேயே தொடங்கியது. கொழும்புப் பல்கலைக்கழக உயிர்இரசாயனவியலாளர் எரிக் கருணாநாயக்கவும் குழுவினரும் இலங்கையின் மூலிகைகள் சிலவற்றை எலிகளில் சோதித்து, இரத்தத்தில் குளுக்கோசு குறைகிறதா என்று பார்த்து 1984இல் கட்டுரை வெளியிட்டார்கள். சோதிக்கப்பட்டவற்றில் கொத்தல ஹிம்புட்டுவும் ஒன்று. "வேலை செய்கிறது" என்ற விடை வந்தது. ஆனால் எந்தப் பொருள் வேலை செய்கிறது?

அந்த விடை ஜப்பானில் கிடைத்தது. 1997இல் கியோட்டோ மருந்தியல் பல்கலைக்கழகத்தில் மசயுகி யோஷிகாவாவின் குழு, இந்தத் தாவரத்திலிருந்து ஒரு சேர்வையைப் பிரித்தெடுத்துச் சலாசினோல் என்று பெயரிட்டது. விசித்திரமான மூலக்கூறு அது. சீனியைப் போன்ற வளையம், ஆனால் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் கந்தகம். கந்தகத்தில் நேர் ஏற்றம், பக்கச் சங்கிலியின் சல்பேற்றில் மறை ஏற்றம். சீனியைப் போல நீரில் கரையும். இரவு முழுக்கக் கோப்பையில் தண்ணி ஊறவைத்ததன் அர்த்தம் அங்கேதான் எனக்கு விளங்கியது.

நாம் சாப்பிடும் சோறு, பாண், இடியப்பம் எல்லாவற்றிலும் இருப்பது மாப்பொருள். சிறுகுடலில் அல்பா குளுக்கோசிடேசு என்ற நொதியங்கள் அதன் கடைசித் துண்டுகளைக் குளுக்கோசாக வெட்டுகின்றன. சலாசினோல் சீனி மாதிரி வேசம் போட்டு அந்த நொதியத்தின் வாயில் போய்ச் சிக்கிக்கொள்கிறது. வெட்டு மெதுவாகிறது, சாப்பிட்ட பின் சீனி திடீரென்று ஏறாது. மருந்துக்கடையில் கிடைக்கும் அகார்போசு மாத்திரையும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

1998இல் அதே குழு இரண்டாவது சேர்வையைக் கண்டது. பெயர் கொத்தலனோல். நம் ஊர்ச் சொல் ஒன்று இரசாயனவியலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது! அதன் அணுக்கள் வெளியில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பது முழுதாகத் தெளிய 2009 ஆயிற்று. கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் மரியோ பின்டோவின் குழு அதைச் செயற்கையாகவே கட்டிப் பார்த்து உறுதிசெய்தது.

இதற்கிடையில் ஜப்பானிய நிறுவனங்கள் இதன் சாறுகளுக்கும் சேர்வைகளுக்கும் ஆக்கவுரிமை எடுத்தன. 1992இல் ரியோவில் உருவான உயிரினப் பல்வகைமைச் சமவாயம், ஒரு நாட்டின் மரபணு வளம் அந்த நாட்டின் இறைமைக்கு உட்பட்டது, பயனைப் பகிரவேண்டும் என்கிறது. இலங்கை 1994இலேயே அதில் இணைந்தது. சலாசினோல் வந்தது அதற்கும் மூன்று வருடம் கழித்து. சட்டம் தாளில் இருந்தது, கோப்பை கடையில் இருந்தது, ஆக்கவுரிமை வேறெங்கோ இருந்தது.

"திருடிட்டாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். ஆனால் 1984இல் முதல் படியை ஏறியவர்கள் நம்மவர்கள். மூலக்கூறைப் பிரித்து, கட்டமைப்பை எழுதி, பதிவுசெய்யும் அடுத்த படிகள் வேறு நாடுகளில் ஏறப்பட்டன. அந்த இடைவெளிக்கு அன்று தேவைப்பட்டது கருவியும் பணமும் பொறுமையும். அடுத்த மூலிகைக்கும் அவைதான் தேவை.

மருத்துவச் சோதனையும் இங்கே நடந்திருக்கிறது. 2005இல் வெளியான இலங்கை ஆய்வொன்றில், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 51 பேருக்கு மூன்று மாதம் கொத்தல ஹிம்புட்டுத் தேநீரும் மூன்று மாதம் சாதாரணத் தேநீரும், எது எது என்று சொல்லாமல், கொடுத்துப் பார்த்தார்கள். மூலிகைத் தேநீர் குடித்த காலத்தில் நீண்டகாலச் சீனி அளவு குறைவாக இருந்தது. 51 பேர் சின்னத் தொகைதான். ஆனாலும் என் "மூடநம்பிக்கை" என்ற சொல்லை மீளப்பெற அது போதும்.

அம்மம்மாவின் "இது போதும்" என்ற சொல்லை மட்டும் ஏற்க முடியவில்லை. மரத்துண்டுக்கு மரத்துண்டு மூலக்கூறின் அளவு மாறும்; கோப்பையில் அளவு எழுதியிருக்காது. அவ டொக்டர் தந்த குளிசையையும் விழுங்கினா, கோப்பையையும் குடிச்சா, டொக்டரிட்ட ஒருநாளும் சொல்லேல்லை. ஒருநாள் சீனி இறங்கி, வேர்த்து, குசினியிலேயே இருந்திட்டா. கோப்பையா, குளிசையா, சாப்பிடாமல் விட்டதா, எங்களுக்குத் தெரியாது. உங்கட வீட்டிலயும் இப்படி ஒரு கோப்பை இருந்தால் எறியவேண்டாம். அடுத்தமுறை கிளினிக் போகும்போது அதைப் பற்றியும் வாய் திறந்து சொல்லுங்கோ.