படக்கருவி யார் கையில்?

ஒரு சமூகத்தைப் பிறர் திரையில் காட்டுவது வேறு. அச்சமூகத்தில் பிறந்த ஒருவர் தம் வாழ்வைத் தாமே காட்டுவது வேறு. ஆவணப்படத்தின் நூற்றாண்டு வரலாற்றை இவ்வேறுபாட்டைக் கொண்டே அளந்து பார்க்கலாம்.

1922ஆம் ஆண்டில் ராபர்ட் ஃபிளாகர்ட்டி என்னும் அமெரிக்கர் ‘நானூக் ஆஃப் த நார்த்’ என்ற படத்தை வெளியிட்டார். கனடாவின் வடபகுதியில் வாழும் இனுயிட் மக்களின் வாழ்வைக் கூறும் அப்படம் உலகப் புகழ் பெற்றது. ஆயினும், துப்பாக்கியால் வேட்டையாடப் பழகியிருந்த மக்களைப் பண்டைய ஈட்டியை ஏந்தச் செய்தே ஃபிளாகர்ட்டி படம் பிடித்தார். நானூக் என்பதும் படத்திற்காக இட்ட பெயரே. அம்மனிதரின் இயற்பெயர் அல்லாகாரியல்லாக். அம்மக்களின் முகங்கள் திரையில் தோன்றின. கதையோ பிறர் வகுத்த கதையாக இருந்தது.

எழுபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1994இல், ‘ஹூப் டிரீம்ஸ்’ வெளிவந்தது. சிகாகோ நகரின் கறுப்பின மாணவர் இருவர் கூடைப்பந்தாட்டத்தால் உயர முயன்ற வரலாற்றை அது கூறிற்று. இயக்குநர் ஸ்டீவ் ஜேம்ஸ் வெள்ளையர். ஆயினும் பல ஆண்டுகள் அக்குடும்பங்களோடு பழகிப் பொறுமையுடன் படமெடுத்தமையால், அதில் பொய்க்கோலம் இல்லை. அப்படத்தைத் தயாரித்த கார்ட்டெம்குவின் நிறுவனமே, 2018இல் வெளிவந்த மற்றொரு படத்திற்கும் துணை நின்றது. அதுவே ‘மைண்டிங் த கேப்’.

இதனை இயக்கிய பிங் லியு சீனாவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர். ஆலைத் தொழில் நலிந்த ராக்ஃபோர்டு என்னும் நகரில் வளர்ந்தார். மாற்றாந்தந்தையின் அடிக்கு அஞ்சிய அச்சிறுவனுக்குப் புகலிடமாக அமைந்தது சறுக்குப்பலகை விளையாட்டு. நான்கு சிறு சக்கரங்கள் பூட்டிய பலகையின்மேல் நின்று தெருவில் விரையும் அவ்விளையாட்டில், கறுப்பின இளைஞர் ஒருவரும் வெள்ளையின இளைஞர் ஒருவரும் அவருக்கு நண்பராயினர். பல்லாண்டுகளாக அவர் எடுத்து வைத்த காட்சிகளே இப்படத்திற்கு அடிப்படை.

சீனர், கறுப்பர், வெள்ளையர் என மூவினத்தாரும் இருப்பதால் மட்டும் இப்படம் சிறந்துவிடவில்லை. தலைகளை எண்ணுவது பிரதிநிதித்துவம் ஆகாது. மூவரும் வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்கள், அத்துயரம் பொது. ஆயினும் கறுப்பின இளைஞர் வெளியுலகில் படும் பாட்டை மற்ற இருவரும் படுவதில்லை. துயரத்தின் ஒற்றுமையைக் காட்டும் படம், நிறத்தால் விளையும் வேற்றுமையை மறைக்கவில்லை. வெள்ளையின இளைஞர் தம் குழந்தையின் தாயை அடித்தார் என்ற செய்தி வெளிப்பட்டபோதும், நண்பர் என்று கருதி லியு அதனை ஒளிக்கவில்லை. அவரைக் கொடியவராகப் புனைந்து காட்டவும் இல்லை.

தம்மைப் படத்தின் நடுவில் நிறுத்த லியு முதலில் எண்ணவில்லை. பிறர் புண்ணைக் கிளறிக் கேட்பவர் தம் புண்ணை மூடி வைத்தல் முறையாகாது. ஆகவே இறுதியில் அவர் தம் அன்னையின் எதிரே அமர்ந்து, பழைய நாட்களைப் பற்றிக் கேட்கிறார். மற்றொரு படக்கருவி அவர் முகத்தையும் பதிவு செய்கிறது. கேட்பவரும் காண்பவரின் பார்வைக்கு உட்படுகிறார். 1922இல் காணாத நேர்மை இது.

குறை இல்லை என்று கூறிவிட முடியாது. அடிபட்ட பெண்களும் பேசுகின்றனர். எனினும் படத்தின் பெரும்பகுதி ஆண்மக்களுக்கே உரியதாயிற்று. ஆயினும் சண்டான்ஸ் விழாவில் சிறப்புப் பரிசு பெற்று, 2019இல் ஆஸ்கார் பரிசுக்கும் முன்மொழியப்பட்ட இப்படம், குடியேறிய ஒருவரின் குரலுக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்தது.

ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. பள்ளிக்கு மட்டம் போட்டுத் தெருவில் திரியும் சிறுவனை முரடன் என்று எழுதிவிடுதல் எளிது. அவன் எதற்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடுகிறான் என்பதை அவன் வாயாலேயே சொல்லக் கேட்பதே அரிது. கேட்பதற்கு ஒருவர் இருந்தால், அவன் வரலாற்றைப் பிறர் புனைய வேண்டியதில்லை.