கருவி யாருடையது? குவில்ட் தைக்கும் பெண்களும் பழைய தையல் மிஷின்களும்

1

அமெரிக்காவில் குவில்ட் தைக்கும் பெண்களுக்குப் பழைய தையல் மிஷின்கள் மீது இருக்கும் பற்று, நுகர்வுச் சமூகத்தின் இலக்கணத்துக்குள் அடங்காத ஒன்று. கணினிச் சில்லு வைத்து, நூற்றுக்கணக்கான தையல் வகைகளைத் தானே போட்டுத் தரும் மிஷின்கள் இன்று கடையில் இருக்கின்றன. அவற்றை வாங்க வசதி உள்ளவர்களும்கூட, சிங்கர் கம்பெனி 1933ல் கொண்டுவந்து 1960களின் இறுதியில் நிறுத்திவிட்ட 'ஃபெதர்வெயிட்' என்ற 221ஆம் மாடலைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். யார் வீட்டுப் பரணிலோ கிடந்த கால் மிஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, தோல் பெல்ட் மாட்டி ஓட்டுகிறார்கள். ஃபெதர்வெயிட் செய்வதெல்லாம் முன்னால் ஒரு நேர்த்தையல், பின்னால் அதே நேர்த்தையல். அவ்வளவுதான்.

'பழசு மேல ஒரு பிரியம், வேறென்ன?' என்று இதை ஒதுக்கிவிடலாம். பழமை ஏக்கம் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை, விளக்கவேண்டியதை மூடிவைக்கிறது. அம்மி மீது நமக்கும்தான் ஏக்கம் இருக்கிறது, தினமும் அதிலா அரைக்கிறோம்? இந்தப் பெண்களோ அந்த மிஷினில் நாள்தோறும் வேலை செய்கிறார்கள். அலங்காரமாக வைத்துக்கொள்வது வேறு, வேலைக்கு எடுத்துக்கொள்வது வேறு. ஒரு கருவி யாருடையது, அது எப்போது ஒருவருக்கு உண்மையிலேயே சொந்தமாகிறது என்ற கேள்வி இந்தப் பற்றுக்குள் இருக்கிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

2

முதலில் வேலையைப் பார்ப்போம். குவில்ட் மூன்று அடுக்கு. மேலே துண்டுத் துணிகளை ஒட்டிச் சேர்த்த விரிப்பு, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றையும் பிணைத்து ஓடும் தையல். மேல் விரிப்புக்கு நூற்றுக்கணக்கான துண்டுகளைக் கால் அங்குல ஓரம் விட்டு இணைக்க வேண்டும். ஒரு தையலில் நூலிழை பிசகினால் பத்துத் தையலில் விரல் அகலம் பிசகும். சதுரம் சதுரமாக இராது. ஆக இந்த வேலைக்கு வேண்டியது நூறு வகைத் தையல் இல்லை. பிசகாத ஒரே ஒரு நேர்த்தையல்.

ஜிக்ஜாக் போடும் மிஷினில் ஊசி இடமும் வலமும் ஆட வேண்டும். அதனால் ஊசிக்குக் கீழே உள்ள தகட்டில் நீளவாக்கில் ஓட்டை விட்டிருப்பார்கள். துணியின் முனையை வைத்து ஆரம்பித்தால், ஊசி துணியையும் சேர்த்து அந்த ஓட்டைக்குள் அமுக்கிவிடும். நேர்த்தையல் மட்டுமே அறிந்த பழைய மிஷினின் தகட்டில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வட்டத் துளைதான். துணி அங்கே இறுக்கமாகப் பிடிபட்டு நிற்கும். அலுமினியத்தில் செய்த ஃபெதர்வெயிட்டின் எடை சுமார் 5 கிலோ. பெட்டியில் வைத்துக் கையில் தூக்கிக்கொண்டு, பத்துப் பேர் சேர்ந்து தைக்கும் இடத்துக்குப் போய்விடலாம். கால் மிஷினிலோ வேகம் என்பது தைப்பவளின் கால்தான். ஒரே ஒரு தையல் மட்டும் வேண்டுமென்றால் கையால் சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

இதைவிட முக்கியமானது, மிஷினைத் திறந்து பார்க்க முடிகிறது என்பது. ஊசி மேல்நூலைக் கீழே கொண்டுபோகிறது. அங்கே உருவாகும் கண்ணியைக் கொக்கி பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுவருகிறது. இரண்டு நூலும் பூட்டிக்கொள்கின்றன. இதையெல்லாம் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். எண்ணெய் விடவேண்டிய துளைகள் வெளியே தெரிகின்றன. அன்றைய சிங்கர் வீட்டு மிஷின்களில் பெரும்பாலானவற்றுக்குப் போடும் ஊசி, இன்றைய சாதாரண வீட்டு மிஷினுக்கும் போடுகிற அதே ஊசி. ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் எண்ணெயும் பொறுமையும் இருந்தால் முக்கால்வாசிப் பழுதைத் தானே சரிசெய்துகொள்ளலாம். சில்லு கெட்டுப்போன புது மிஷினை அப்படிச் செய்ய முடியாது. அதன் உள்ளே நடப்பது தைப்பவளிடமிருந்து மறைக்கப்பட்டிருக்கிறது. காசு கொடுத்து வாங்கினாள், ஆனால் அதன் அறிவு இன்னும் கம்பெனியிடமே இருக்கிறது.

3

இந்த இடத்தில் ஒரு புனைவைக் களைந்துவிட வேண்டும். குவில்ட் என்றால் கைவேலை, மிஷின் வந்து அதைக் கெடுத்துவிட்டது என்பது பிற்காலத்தில் கட்டப்பட்ட கதை. 1850களில் தையல் மிஷின் வீடுகளுக்குள் நுழையத் தொடங்கியதுமே குவில்ட் தைத்த பெண்கள் அதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கையால் தைத்தால் கண்ணுக்குத் தெரியாமல் போகும் இடத்தில், தெரியும்படி மிஷின் தையல் ஓட்டியவர்களும் உண்டு. வீட்டில் மிஷின் இருப்பது பெருமை அல்லவா?

இதற்கு ஹாரியட் பவர்ஸை விட வலுவான சாட்சி வேண்டாம். 1837ல் ஜார்ஜியாவில் அடிமையாகப் பிறந்த கறுப்பினப் பெண் அவர். பைபிள் கதைகளைத் துணி உருவங்களாக வெட்டி ஒட்டி அவர் செய்த குவில்ட் 1886ல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. முதலில் விற்க மறுத்தார். பணமுடை நெருக்கியபோது 1891ல் 5 டாலருக்குக் கொடுத்துவிட்டார். இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையாலும் தைத்தது, மிஷினாலும் தைத்தது. 'தூய நாட்டார் கலை' என்று யாராவது ஆரம்பித்தால், அந்த மிஷின் தையலைக் காட்டினால் போதும்.

4

ஆனால் மிஷினின் வரலாறு பெருமைப்பட்டுக்கொள்ளும்படியானது இல்லை. 1831ல் பாரிஸில் தையல்காரர்கள் திரண்டு போய், தீமோனியே என்பவரின் பட்டறையில் ராணுவச் சீருடை தைத்துக்கொண்டிருந்த மிஷின்களை உடைத்தெறிந்தார்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை, தங்கள் பிழைப்புக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்துதான் செய்தார்கள். ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851ல். 1856ல் எலியாஸ் ஹோவும் சிங்கர் உட்பட மூன்று கம்பெனிகளும் தங்கள் காப்புரிமைகளை ஒன்றாகக் கட்டிவைத்து, வேறு யார் மிஷின் செய்தாலும் தங்களுக்குக் கப்பம் கட்டவேண்டும் என்று ஆக்கினார்கள். அந்தக் கூட்டு 1877 வரை நீடித்தது. அதே 1856ல் சிங்கரின் கூட்டாளி எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டுவந்தார். கொஞ்சம் முன்பணம், மிச்சம் மாதாமாதம். தவணை தவறினால் மிஷின் போய்விடும். அதாவது மிஷின் ஏழை வீட்டுக்குள் நுழையும்போதே கடனோடு நுழைந்தது. தன் வீட்டில், தன் காலால் ஓட்டினாலும், ஓட்டத்தின் வேகத்தை நிர்ணயித்தது அடுத்த தவணைத் தேதி.

மார்க்ஸ் 1867ல் 'மூலதனம்' முதல் தொகுதியில், ஆடை, தொப்பி, காலணி என்று இந்தத் துறையின் எண்ணற்ற கிளைகளையும் ஒருசேரத் தாக்கிய தீர்மானகரமான புரட்சி இயந்திரம் தையல் மிஷின்தான் என்று எழுதினார். லண்டனில் அந்தப் பத்தாண்டில் பெருகிய பட்டினிச் சாவுகளை, மிஷின் தையல் பரவியதோடு சேர்த்துப் பார்த்தார்.

1911 மார்ச் மாதத்தில் ஐந்து நாட்கள் இந்த வரலாற்றை ஒன்றாகக் கூட்டிக்காட்டுகின்றன. மார்ச் 21 அன்று ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்கில் இருந்த சிங்கரின் பிரமாண்டமான தொழிற்சாலையில், மிஷினின் மரப் பெட்டிகளுக்குப் பாலிஷ் போடும் பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். ஆளைக் குறைத்து, அந்த வேலையையும் மிச்சமிருப்பவர்கள் தலையில் கட்டியதுதான் காரணம். சில நாட்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது, முன்னின்றவர்கள் வேலையிழந்தார்கள். மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடியேறிகளான இளம்பெண்கள். ஒரு கதவு பூட்டிக்கிடந்தது. அங்கே மிஷின்கள் நீளநீளமான மேசைகளில் வரிசையாக இருந்தன. மேசைக்கு அடியில் ஓடிய ஒரே அச்சு எல்லாவற்றையும் இயக்கியது. அதற்கு ஈராண்டு முன், 1909ல், நியூயார்க் சட்டைத் தொழிலாளர் பெண்கள் நடத்திய பெரும் வேலைநிறுத்தத்தில் எழுந்த குறைகளில் ஒன்று: ஊசிக்கும் நூலுக்கும் மின்சாரத்துக்கும்கூடக் கூலியில் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது.

செய்தவளும் பெண், ஓட்டியவளும் பெண், இருவருக்கும் நடுவில் மிஷின். யாருக்கும் அது சொந்தமில்லை.

5

1924ல் காந்தியிடம் ஒரு மாணவர், 'நீங்கள் எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா?' என்று கேட்டார். ஜி. ராமச்சந்திரன் என்ற அந்த இளைஞர்தான் பின்னால், 1947ல், திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். சிங்கரின் தையல் மிஷினுக்கு விலக்கு உண்டு என்றார் காந்தி. மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலித்துப்போவதைப் பார்த்து, அவள் மேல் கொண்ட அன்பினால் சிங்கர் கண்டுபிடித்தது அது என்று காரணமும் சொன்னார்.

அழகான கதைதான். ஆனால் மனைவி தைப்பதைப் பார்த்து யோசனை வந்தது என்பது வழக்கமாக ஹோவைப் பற்றிச் சொல்லப்படுவது. சிங்கரோ ஒரே நேரத்தில் பல குடும்பங்களை ரகசியமாக நடத்தி, 1860ல் அம்பலப்பட்டவர். அதைவிட, ராமச்சந்திரன் விடாமல் கேட்ட அடுத்த கேள்விதான் நமக்கு வேண்டியது. அந்த மிஷினைச் செய்ய ஒரு தொழிற்சாலை வேண்டுமே, அங்கே பெரிய இயந்திரங்கள் இருக்குமே? இருக்கும், அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் அரசுடைமையாக வேண்டும் என்று சொல்லும் அளவுக்கு நான் சோஷலிஸ்ட்தான் என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். அன்பில் ஆரம்பித்த பேச்சு உடைமையில் வந்து நின்றது. அது வந்து சேரவேண்டிய இடமும் அதுதான்.

6

கிளைட்பேங்க் தொழிற்சாலை 1980ல் மூடப்பட்டது. அங்கே வார்த்த இரும்பு மிஷின்கள் இன்னும் ஓடுகின்றன. கம்பெனியின் கணக்கில் அவை எப்போதோ செத்துவிட்டன. தவணை இல்லை, விளம்பரம் இல்லை, அடுத்த மாடலுக்கு மாறச் சொல்லி வரும் ஆளும் இல்லை. சந்தை கைவிட்ட பிறகுதான் மிஷின் தைப்பவளின் கைக்கு முழுசாக வந்து சேர்ந்திருக்கிறது. குவில்ட் தைக்கும் பெண்கள் அனுபவிக்கும் சந்தோஷத்தை நான் இப்படித்தான் வாசிக்கிறேன். கடந்த காலத்துக்குத் திரும்பிப்போகும் ஆசை அதில் இல்லை. அந்தக் காலத்தில் இந்த மிஷின் யாருக்கும் தராத ஒன்றை, இப்போது அதனிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள்.

இதைத் தனியொருத்தியின் மகிழ்ச்சியாக மட்டும் விட்டுவிடக் கூடாது. அலபாமாவின் வில்காக்ஸ் மாவட்டத்தில் 1966ல் கறுப்பினப் பெண்கள் 'ஃப்ரீடம் குவில்டிங் பீ' என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். வாக்காளராகப் பதிவு செய்துகொண்டதற்காக நிலத்தை விட்டும் வீட்டை விட்டும் துரத்தப்பட்ட குடும்பங்கள் இருந்த காலம் அது. 1972ல் சியர்ஸ் கம்பெனிக்குக் கார்ட்ராய் துணியில் தலையணை உறை தைத்துத் தரும் ஒப்பந்தம் கிடைத்தது. கூலி வந்தது, கூடவே ஒரே அளவு, ஒரே மாதிரி என்ற கட்டாயமும் வந்தது. மிஞ்சிய கார்ட்ராய் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். அவற்றைக் கொண்டு தம் மனம் போனபடி தைத்த குவில்ட்கள், பின்னால் 2002ல் தொடங்கிய ஜீஸ் பெண்ட் கண்காட்சிகள் வழியாகப் பெரிய அருங்காட்சியகச் சுவர்களுக்குப் போயின. அதே துணி, அதே கைகள். மாறியது ஒன்றுதான்: எந்த வடிவம், எந்த வேகம் என்று யார் முடிவுசெய்தார்கள் என்பது.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. குவில்ட் தைப்பவள் இன்று நிதானமாக, ஒவ்வொரு தையலாக ரசித்துத் தைக்க முடிகிறது என்றால், அவள் உடுத்தும் துணியை வேறு யாரோ அவசர அவசரமாகத் தைக்கிறார்கள் என்று அர்த்தம். 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா இடிந்து விழுந்து ஆயிரத்து நூறுக்கும் மேற்பட்ட ஆடைத் தொழிலாளர்கள் செத்தபோது, அவர்கள் முன்னால் இருந்ததும் தையல் மிஷின்தான். நம் திருப்பூர்ப் பெண்கள் தைத்தனுப்பும் பனியனும் அந்த அமெரிக்கக் கடைகளுக்குத்தான் போகிறது. ஓய்வில் ஓட்டும் மிஷினும் உற்பத்தி இலக்குக்காக ஓட்டும் மிஷினும் ஒரே பூட்டுத் தையலைத்தான் போடுகின்றன.

ஆகவே மிஷின் பழசா புதுசா என்பது பெரிய விஷயமில்லை. மூடியைத் திறக்க முடிகிறதா, பழுதைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறதா, எப்போது நிறுத்தலாம் என்று தானே சொல்ல முடிகிறதா? குவில்ட் தைக்கும் பெண்கள் இந்த மூன்றையும் பழைய இரும்பில் கண்டெடுத்திருக்கிறார்கள். முதல் இரண்டையும் சட்டம் போட்டுக்கூட வாங்கிவிடலாம். பழுதுபார்க்கும் உரிமை கேட்டு அங்கே இயக்கங்கள் நடக்கின்றன. மூன்றாவதைத்தான் 1909ல் நியூயார்க்கிலும் 1911ல் கிளைட்பேங்கிலும் பெண்கள் கேட்டார்கள். அது இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது.