கேஸ்கேட் ஹாப்

பீரில் சேர்க்கும் ஹாப் பூவின் அமெரிக்க வகை. ஒரிகனில் அரசு வேளாண் ஆய்வின் வழியே உருவாகி 1972இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் ஃபக்கிள் இதன் முன்னோர்களில் ஒன்று. ஆல்ஃபா அமிலம் பெரும்பாலும் 5–7 சதவீதம்தான், எனவே கசப்பு மிதம். பப்ளிமாஸ் தோலைக் கிள்ளியதும் எழும் வாசம் இதன் அடையாளம். வீட்டில் கோதுமை பீர் தயாரிப்போர் இதை நாடுவது அதற்காகவே. அவ்வாசம் தரும் மிர்சின் போன்ற எண்ணெய்கள் கொதியில் ஆவியாகிவிடும். ஆகவே அடுப்பை அணைக்கும் தறுவாயிலோ, நொதித்தல் அடங்கிய பின்போ சேர்ப்பார்கள். 20 லிட்டருக்கு 30 கிராம் தாராளம். சிட்ரா என்ற மற்றொரு ஹாப் இன்னும் வீரியமானது, மாம்பழச் சாயலும் உண்டு. கை தாராளமானால் கோதுமையின் மென்சுவை அமுங்கிப்போகும். பவேரிய ஈஸ்டின் வாழைப்பழ, கிராம்பு மணத்தோடு இந்த ஹாப்கள் அவ்வளவாக ஒட்டுவதில்லை. அடக்கமான அமெரிக்க ஈஸ்டே பொருத்தம்.