நாக்கின் வரைபடம்

பள்ளியில் நாக்கின் படம் வரைந்து பாகம் குறித்தது உங்களுக்கும் நினைவிருக்கலாம். நுனியில் இனிப்பு, அதையடுத்த ஓரங்களில் உப்பு, பின்னோரங்களில் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு. அதைப் படித்த அன்று மாலை வீட்டில் நுனிநாக்கில் ஒரு கல் உப்பை வைத்துப் பார்த்தேன். நன்றாகவே கரித்தது. மறுநாள் ஆசிரியரிடம் சொன்னபோது, "உப்பு கரைஞ்சு ஓரத்துக்கு ஓடியிருக்கும்டா. புத்தகத்துல இருக்கறத எழுது" என்றார். எழுதினேன். முழு மதிப்பெண் வந்தது.

அந்தப் படத்தின் கதை பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் டேவிட் ஹேனிக் என்பவர் நாக்கின் விளிம்பு நெடுக நான்கு சுவைக் கரைசல்களையும் துளித்துளியாக வைத்து, எவ்வளவு நீர்த்தாலும் சுவை தெரிகிறது என்று அளந்தார். 1901ல் முடிவுகளை வெளியிட்டார். நுனி இனிப்பைச் சற்று எளிதாகக் கண்டுகொண்டது, அடிநாக்கு கசப்பை. வித்தியாசம் கொஞ்சம்தான்.

1942ல் அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங் தன் நூலில் அந்த அளவுகளை வளைகோடுகளாக மாற்றி வரைந்தார். ஏற்ற இறக்கம் தெரிந்தது. எவ்வளவு என்பது தெரியவில்லை. கோடு தாழ்ந்த இடத்தில் அந்தச் சுவையே கிடையாது என்று பின்னால் வந்தவர்கள் வாசித்துக்கொண்டார்கள். 'கொஞ்சம் அதிகம்' என்பது 'இங்கே மட்டும்' ஆகிவிட்டது. 1974ல் வர்ஜீனியா காலிங்ஸ் மறுபடி அளந்து, வித்தியாசம் அற்பம் என்று காட்டினார். பாடநூல்கள் அசையவில்லை.

உடற்கூறும் அந்தப் படத்துக்கு எதிராகத்தான் இருக்கிறது. ஒரு சுவை மொட்டுக்குள் சுமார் 50 முதல் 100 செல்கள்; வெவ்வேறு சுவைகளுக்கான செல்கள் ஒரே மொட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன. நாக்கின் முன்பகுதிச் சுவையை எடுத்துச்செல்லும் நரம்பு நடுச்செவி வழியாகப் போகிறது. காது அறுவை சிகிச்சையில் அது சேதமாவதுண்டு. வரைபடம் சரியென்றால், இருபுறமும் சேதமானவருக்கு இனிப்பே அற்றுப்போக வேண்டும். அப்படி ஆவதில்லை.

படத்தில் இடமே கிடைக்காத சுவைகளும் உண்டு. 1908ல் டோக்கியோவில் கிகுனே இகேடா, கொம்பு என்னும் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து அதன் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தார். அதற்கான ஏற்பிகள் அடையாளம் காணப்பட்டது 2000ஐ ஒட்டித்தான். நம் அறுசுவையில் உள்ள கார்ப்பும் துவர்ப்பும்கூடப் படத்தில் இல்லை. இதற்கு மட்டும் காரணம் உண்டு. மிளகாயின் காரம் சுவை மொட்டு வழியாக வருவதல்ல, சூட்டையும் வலியையும் உணரும் ஏற்பி வழியாக வருவது. 1997ல் அதைக் கண்டறிந்த குழுவின் தலைவர் டேவிட் ஜூலியஸ் 2021ல் நோபல் பரிசு பெற்றார்.

இப்போது யோசித்தால் என் ஆசிரியர் சொன்னதும் அபத்தமல்ல. உமிழ்நீர் உப்பைக் கரைத்துப் பரப்பத்தான் செய்யும். ஆனால், "நாக்கை நீட்டித் துடைச்சுட்டு, உள்ள இழுக்காம வெச்சுப் பாருடா" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிட வேலை. வகுப்பில் நாற்பது நாக்குகள் இருந்தன, சத்துணவுக் கூடத்தில் உப்பும் இருந்தது.