எச்சரிக்கை யார் மேசையில் நின்றது? துப்பாக்கிப் படுகொலைத் தடுப்பும் உரிம நிர்வாகமும்

1991 நவம்பரில் ஸ்காட்லாந்துக் காவல்துறையின் துப்பறியும் சார்ஜென்ட் ஒருவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். சிறுவர் முகாம் நடத்திவந்த ஒருவர்மீது வந்த புகார்களை விசாரித்தவர் அவர். இந்த ஆளை நம்பக் கூடாது, இவரது துப்பாக்கிச் சான்றிதழைத் திரும்பப் பெறுவது பற்றி அவசரமாக யோசிக்க வேண்டும் என்பது குறிப்பின் சாரம். துணைத் தலைமை அதிகாரி அதைப் படித்துவிட்டு, நடவடிக்கை வேண்டாம் என்று முடிவெடுத்தார். 1995இல் சான்றிதழ் புதுப்பிக்கவும்பட்டது. 1996 மார்ச் 13 அன்று அதே ஆள், உரிமத்தோடு வாங்கிய நான்கு கைத்துப்பாக்கிகளுடன் டன்பிளேன் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் அவர்களின் ஆசிரியையையும் சுட்டுக் கொன்றார்.

டன்பிளேன் என்றதும் 1997இல் பிரிட்டன் கொண்டுவந்த கைத்துப்பாக்கித் தடைதான் பேச்சில் வரும். தடை பயனற்றது என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தடையின் வெளிச்சத்தில், அந்தப் படுகொலையை விசாரித்த கல்லன் பிரபு தம் அறிக்கையில் நிறுவிய இன்னொரு செய்தி மங்கிவிட்டது: சான்றிதழை ரத்துசெய்ய அன்றைய சட்டத்திலேயே இடமிருந்தது, அதைச் செய்திருக்க வேண்டும். துணைத் தலைமை அதிகாரி ஏன் செய்யவில்லை? அந்த ஆள்மீது தண்டனை எதுவும் இல்லை, அரசு வழக்குரைஞரும் வழக்குத் தொடுக்கவில்லை. ரத்துசெய்தால் அவர் மேல்முறையீட்டுக்குப் போவார், அங்கே உத்தரவு நிற்காது என்பது கணக்கு. இந்தக் கணக்கில் அதிகாரியின் சோம்பலைவிட அமைப்பின் சாய்வே அதிகம் தெரிகிறது. உரிமத்தை மறுப்பவர் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். கொடுப்பவரிடம், பிணம் விழும்வரை, யாரும் எதுவும் கேட்பதில்லை.

இதே சாய்வைப் பிற இடங்களிலும் காணலாம். 2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவர் 2017இல் முறைப்படி உரிமம் வாங்கியவர். (அவர் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றார் அன்றைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டன், இக்கட்டுரையும் கொலையாளிகளுக்கு அந்தச் சலுகையைத் தரவில்லை.) அவருக்கு நற்சான்று சொன்னவர்கள், பெரும்பாலும் இணைய விளையாட்டில் பழகிய ஒரு நண்பரும் அந்த நண்பரின் பெற்றோரில் ஒருவரும். அரச விசாரணை ஆணையம் உரிம நடைமுறையின் குறைகளை விரிவாகவே பதிவுசெய்தது. நாடாளுமன்றமோ அந்த அறிக்கைக்கு வெகுமுன்பே, ஒரு மாதத்துக்குள், 119க்கு 1 என்ற வாக்கில் பெரும்பாலான பாதித் தானியங்கித் துப்பாக்கிகளைத் தடைசெய்துவிட்டது. சட்டம் இயற்றுவது வேகமாக நடந்தது. உரிமப் பிரிவைச் சீர்செய்வது அவ்வளவு எளிதாக நடக்கிற வேலை அல்ல. இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்தது இன்னும் கசப்பானது. பதின்வயதினர் இருவரைத் தாக்கியவரிடமிருந்து பறித்த வேட்டைத் துப்பாக்கியை 2021 ஜூலையில் காவல்துறையே திருப்பிக் கொடுத்தது. ஆகஸ்டில் அவர் ஐந்து பேரைக் கொன்றார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும், வலுவான ஆட்சேபம்தான். படுகொலைக்குப் பிறகு கோப்பைப் புரட்டினால் எல்லாமே எச்சரிக்கையாகத் தெரியும். மிரட்டல் விடுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, கொலையில் இறங்குபவர் அவர்களில் மிகச் சிலரே. முன்கூட்டிக் கணிக்க எந்த உளவியல் அளவுகோலும் போதாது. சந்தேகத்தை வைத்து முடிவெடுத்தால் அப்பாவிகள்தான் பெருவாரியாக மாட்டுவார்கள்.

கணிப்பு தவறும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தவறினால் என்ன போகும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சந்தேகத்தின் பேரில் ஒருவரைச் சிறையில் அடைத்தால் போவது அவர் வாழ்க்கை. துப்பாக்கியை ஓராண்டு வாங்கி வைத்தால் போவது பெரும்பாலும் ஒரு வேட்டைப் பருவம். இரண்டுக்கும் ஒரே அளவு ஆதாரம் கேட்பது நியாயமில்லை. அப்படி வாங்கி வைப்பது வீண்போவதுமில்லை. ஆபத்தானவர் எனக் கருதப்படுபவரின் துப்பாக்கியை எடுத்துவைக்கும் சட்டத்தை 1999இல் கொண்டுவந்த அமெரிக்க மாநிலமான கனெக்டிகட்டை ஆராய்ந்தவர்கள், 10 முதல் 20 பறிமுதல்களுக்கு ஒரு தற்கொலை தவிர்க்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். படுகொலையாளி அதில் ஒருவர்கூட இல்லாவிட்டாலும் உயிர்கள் மிஞ்சியிருக்கின்றன. மிக அரிதாக நிகழும் ஒரு குற்றத்துக்காக எழுதப்படும் கொள்கை, அன்றாடம் நிகழும் சாவுகளில் பலன் தருகிறதா என்று பார்ப்பதே அதை அளக்க நல்ல வழி.

அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டால் பாரபட்சம் புகும் என்ற அமெரிக்க அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. பொது இடங்களில் துப்பாக்கி எடுத்துச்செல்ல உரிமம் கேட்பவர் தனிப்பட்ட தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற நியூயார்க் விதியை 2022இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. அதே நீதிமன்றம் 2024இல், பிறர் உடலுக்கு ஆபத்து விளைவிப்பவர் என்று நீதிமன்றம் கண்டறிந்த ஒருவரிடமிருந்து தற்காலிகமாக ஆயுதத்தை விலக்கிவைக்கலாம் என்றது. ஆகவே முடிவை நீதிபதியிடம் சேர்க்கலாம். சேரும் பாதை குறுகலாக இருக்கக் கூடாது.

அது எவ்வளவு குறுகலாக இருக்க முடியும் என்பதற்கு மேய்ன் மாநிலத்தைப் பார்க்கலாம். அங்கே இருந்த சட்டப்படி, ஆளை முதலில் பாதுகாப்புக் காவலில் எடுக்க வேண்டும், பிறகு மருத்துவ மதிப்பீடு, அதன் பிறகே நீதிபதி. 2023இல் ராணுவ ரிசர்வ் படை வீரர் ஒருவரைப் பற்றி மே மாதத்திலேயே குடும்பத்தார் ஷெரிஃப் அலுவலகத்தை எச்சரித்துவிட்டார்கள். ஜூலையில் அவர் மனநல மருத்துவமனையில் இருந்தார். செப்டம்பரில் நண்பர் ஒருவரும் எச்சரித்தார். ஷெரிஃப் அலுவலக சார்ஜென்ட் அந்த வீரரின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினார். உள்ளே நடமாட்டம் கேட்டது, கதவு திறக்கவில்லை. சார்ஜென்ட் திரும்பிவிட்டார். ஆள் காவலில் வராததால் மருத்துவரும் இல்லை, நீதிபதியும் இல்லை. அக்டோபர் 25 அன்று லூயிஸ்டனில் அந்த வீரர் 18 பேரைச் சுட்டுக் கொன்றார். காவலில் எடுக்கப் போதிய முகாந்திரம் இருந்தது என்று சுயேச்சை ஆணையம் பின்னர் கண்டது.

2025 நவம்பரில், குடும்பத்தினரே நேராக நீதிமன்றத்தை அணுகலாம் என்ற சட்டத்தை மேய்ன் வாக்காளர்கள் வாக்கெடுப்பில் நிறைவேற்றினார்கள். காவலில் எடுக்காமலேயே உத்தரவு பெறலாம் என்பதே இதன் முக்கிய வேறுபாடு. ஆனால் உத்தரவோடு போய் ஆயுதங்களை வாங்கி வர வேண்டியவர்கள் அதே காவலர்கள்தான். கதவு திறக்காதபோது அடுத்து என்ன செய்வது, எத்தனை நாளுக்குள், தவறினால் யார் எழுத்தில் விளக்கம் தருவது என்பவற்றையும் விதிகள் வரையறுக்க வேண்டும். ‘நடவடிக்கை வேண்டாம்’ என்று முடிவெடுப்பவரும், மறுப்பவரைப் போலவே, காரணத்தை எழுதிக் கையொப்பமிட வேண்டும் என்று ஆக்குவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. ஒரு துறைச் சுற்றறிக்கை போதும்.