லேஸில் பெயர் இல்லை

1844 மார்ச் 20-ம் தேதி நாகர்கோவிலில் எலைசா மால்ட்டுக்கும் ராபர்ட் கால்டுவெல்லுக்கும் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை 1841-ல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்த, எஸ்.பி.ஜி. என்ற மிஷன் சங்கத்தின் மிஷனரி. பெண் நாகர்கோவிலிலேயே பிறந்து தமிழ் பேசி வளர்ந்தவர். அந்த வகையில், பின்னாளில் ஒப்பிலக்கணம் எழுதிப் பேர் வாங்கிய கணவரைவிடத் தமிழில் மூத்தவர். தேரிமணலும் பனையுமாகக் கிடந்த ஊருக்கு வந்த கையோடு பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி தொடங்கினார். அங்கே எழுத்தோடும் வாசிப்போடும் அவர் சொல்லிக்கொடுத்தது லேஸ் பின்னல். அது தாய்வழி வந்த சொத்து. அவருடைய அம்மா மார்த்தா மால்ட் 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்து, லண்டன் மிஷன் பள்ளிப் பெண்களிடையே அந்தத் தொழிலைப் பரப்பியவர்.

கெட்டியாக அடைத்த ஒரு திண்டு. அதன்மேல் துளையிட்ட மாதிரித் தாள். துளைக்கொரு குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடதும் வலதுமாக மாற்றி மாற்றிப் போட்டு முறுக்க வேண்டும். ஊசியால் தைப்பது இதில் கிடையாது; கட்டைகள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்தான் வேலை நடப்பதற்கு அடையாளம். கட்டைகள் ஒரு டஜனைத் தாண்டினாலே புதிதாகப் பழகுகிறவளுக்கு எது எதன்மேல் போனது என்பது மறந்துபோகும். வியர்த்த கை பட்டால் வெள்ளை நூல் பழுப்பாகிவிடும். இத்தனை பாடுபட்டு ஒரு நாளில் இறங்குவது சில விரற்கடைப் பட்டை.

ஆனாலும் அது காசு. தென் திருவிதாங்கூரில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது 1855-ல்தான். அதற்கு முன்பே லேஸ் பின்னிச் சேர்த்த பணத்தைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் நாகர்கோவில் பக்கம் இருந்திருக்கிறார்கள். அந்தப் பட்டைகள் வெள்ளைக்காரப் பெண்களின் கவுன் ஓரத்திலும் கைக்குட்டையிலும் மேஜை விரிப்பிலும் போய்ச் சேர்ந்தன. பின்னியவள் பெயர் எதிலும் கிடையாது. விற்பனைச் சரக்கில் யார் பெயரைப் போடுவார்கள்?

இதே காலத்து இங்கிலாந்தில் வழக்கம் வேறு. அங்கே பெண்பிள்ளை தையல் பழகியதற்குச் சாட்சியாக வீட்டில் ஒரு துணி இருக்கும். அகரவரிசை, எண்கள், ஒரு வீடு, இரண்டு மரம், கடைசி வரியில் பெயரும் வயதும் ஆண்டும். சாம்ப்ளர் என்று பெயர். ஆண்டு குறிக்கப்பட்ட ஆங்கிலேயச் சாம்ப்ளர்களில் மிகப் பழையது 1598-ல் ஜேன் பாஸ்டாக் தைத்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஜேன் தன் பெயரோடு நிறுத்தவில்லை. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிறந்ததையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். கிழமையோடு, பொழுதோடு! சாதகம் கணிக்கிறவர் கேட்கும் விவரத்தில் பாதி அந்தத் துணியிலேயே இருக்கிறது. குடும்ப வரலாற்றைத் துணியில் ஏற்றுவது நேற்றைய பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இது போதும்.

இங்கிலாந்துப் பெண்பிள்ளைகள் இப்படிக் கிராஸ் தையலில் எழுத்துப் பழகியதற்கு வேறொரு காரணமும் உண்டு. படுக்கை விரிப்பும் துவாலையும் வெளுப்பில் மாறிப்போகாமல் இருக்க, மூலையில் சிவப்பு நூலில் வீட்டு எழுத்தைத் தைப்பார்கள். தாமிரபரணிக் கரையில் அந்த வேலையைச் சேங்கொட்டை பார்த்துக்கொண்டது. வண்ணார் அதன் சாற்றால் இட்ட குறி துணி கிழியும்வரை போகாது. வீட்டுக்காரிக்கு ஊசியால் பெயர் எழுத வேண்டிய அவசியமே வரவில்லை.

பிறகு கிராஸ் தையல் இங்கேயும் வேர்பிடித்தது. மேட்டித் துணியில் வேத வசனம் தைத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத பழைய கிறிஸ்தவ வீடு பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் அபூர்வம். அதற்கான நூலின் கதையும் தாமிரபரணியில் வந்துதான் சேர்கிறது. பாபநாசத்துத் தண்ணீர் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 1883-ல் தொடங்கிய மில், பின்னாளில் மதுரா மில்ஸில் சேர்ந்தது. மதுரா மில்ஸ் 1974-ல் ஸ்காட்லாந்தின் கோட்ஸோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. தையல் பெட்டியில் நங்கூரம் போட்ட சீட்டோடு கிடக்கும் ஆங்கர் நூல் அந்தக் கோட்ஸ் குடும்பத்துச் சரக்குதான்.

குடும்பச் சாம்ப்ளர் ஒன்று தைக்கத் துணியும் நூலும் ஆயிற்று. அதில் ஏற்றப் பெயர்கள் எங்கே கிடைக்கும்? முதல் இடம் குடும்ப வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாள். பிறப்பு, ஞானஸ்நானம், திருமணம், இறப்பு என்று மூன்று தலைமுறைக் கையெழுத்து அதில் இருக்கும். இரண்டாவது இடம் சபைப் பதிவேடு. பாளையங்கோட்டைச் சபையில் 1780-ல் எழுதப்பட்ட முதல் பட்டியலில் 40 பேர். அதில் முதல் பெயர் ஒரு பெண்ணுடையது: குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த மராத்தியப் பிராமண விதவை. 1778-ல் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றவர். அவர் முயற்சியில் எழுந்து 1785-ல் பிரதிஷ்டையான ஆலயத்தை ஊர் இன்றும் பாப்பாத்தி அம்மாள் கோவில் என்றே சொல்கிறது.

இப்படி ஒரு பெண்ணின் பெயரோடு தொடங்கிய பதிவேட்டு மரபு, பிற்காலத்தில் பெண்களிடம் அவ்வளவு தாராளமாக நடந்துகொள்ளவில்லை. ஆங்கிலிக்கன் முறை ஞானஸ்நானப் பதிவில் பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஊர், தகப்பனின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர் என்று கட்டங்கள் உண்டு. தாயின் தொழிலுக்குக் கட்டம் இல்லை. அப்பா பனையேறினார், உபதேசியாராக இருந்தார் என்பது தெரியும். லேஸ் பின்னியே பிள்ளைகளைப் படிக்கவைத்த அம்மா அங்கே வெறும் அம்மாதான். இனிஷியலும் அப்படியே. அப்பா பெயரின் முதலெழுத்து, கல்யாணத்துக்குப் பின் புருஷன் பெயரின் முதலெழுத்து. அம்மா வழி இரண்டே தலைமுறையில் அறுந்துபோகிறது. இதில் ஒரு வேடிக்கை: பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கே பெயராக நிலைத்துவிட்ட சாரா டக்கர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. சென்னையில் சி.எம்.எஸ். மிஷன் சங்கத்தின் செயலராக இருந்த சகோதரரின் கடிதங்கள் வழியாக இந்த ஊரை அறிந்து, பெண் கல்விக்குப் பணம் திரட்டியவர். இங்கேயே உட்கார்ந்து பின்னியவர்களுக்கு ஒரு தெருப்பெயர்கூட வாய்க்கவில்லை.

அதனால் கிறிஸ்துமஸுக்குக் குடும்பச் சாம்ப்ளர் தைக்க நினைக்கும் பெண் அம்மா வழியிலிருந்து தொடங்குவதே நியாயம். அம்மா, அம்மாவின் அம்மா, அவருடைய அம்மா. ஆச்சியின் பெட்டியில் ஒரு துண்டு லேஸ் மிஞ்சியிருந்தால் அதையே ஓரமாகக் கொடுத்துத் தைத்து, பக்கத்தில் பெயரும் போடலாம்.

ஊர்ப்பெயரை விட்டுவிடக் கூடாது. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஊரே பாதி வரலாறு. 1799-ல் சில குடும்பங்களுக்காக உருவான முதலூர்; நிலம் வாங்கிக்கொடுத்த சாயர் பெயரில் சாயர்புரம்; ஜெர்மனியிலிருந்து பணம் அனுப்பிய டோனா பிரபுவின் பெயரில் டோனாவூர். மெஞ்ஞானபுரத்துக்காரர் என்றால் 192 அடிக் கோபுரத்தைத் தைக்காமல் விடமாட்டார். நீளவாக்குத் துணி வாங்கிக்கொள்வது நல்லது. முதலூர்க்காரருக்கு மஸ்கோத் அல்வா ஞாபகம் வரும், ஆனால் கிராஸ் தையலில் அல்வாவைச் சதுரமாக மட்டுமே காட்ட முடியும். பனை எளிது. வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் அதைவிட எளிது. பனியும் கலைமானும் ஆங்கில மாதிரிப் புத்தகத்தோடு இருக்கட்டும். இங்கே டிசம்பரில் வருவது வடகிழக்குப் பருவமழை.

சங்கடம் எழுத்தில்தான். பழைய ஆங்கிலச் சாம்ப்ளர்களின் அகரவரிசையில் பெரும்பாலும் 24 எழுத்துகளே. ஐ-யும் ஜே-யும் ஒன்று, யு-வும் வி-யும் ஒன்று. தமிழில் அந்தச் சலுகை நடக்காது. ட, ப, ம போன்றவை நேர்கோட்டில் அழகாக உட்காரும். ஞ வளைந்து வளைந்து கட்டத்துக்குள் அடங்காமல் அடம்பிடிக்கும். இந்தச் சீமையிலோ ஞானமணி, ஞானதீபம், ஞானப்பிரகாசம் என்று வீட்டுக்கு ஒரு ஞ உண்டு. மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒரே ஒரு தையல் போதும். மேலே ஏறும் இகரத்துக்கும் கீழே இறங்கும் உகரத்துக்கும் வரிக்கு வரி மூன்று நான்கு கட்டம் கூடுதலாக விட வேண்டும். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில், எழுத்துக்குப் பத்துக் கட்ட அகலம் வைத்தால், ஞானசவுந்தரி என்ற பெயர் மட்டுமே ஐந்து அங்குலமாவது கேட்கும். கட்டத்தாளில் முதலில் பென்சிலால் எழுதிப் பார்க்காமல் துணியில் கைவைத்தால், கடைசி எழுத்து ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

பதிவேட்டில் ஒருவிதம், கல்லறையில் ஒருவிதம், வீட்டில் கூப்பிட்டது ஒருவிதம் என்று பெயர் மூன்றாக இருந்தால், வீட்டில் கூப்பிட்டதையே தைக்கலாம். மற்ற இரண்டும் ஏற்கெனவே எழுத்தில் இருக்கின்றன. ஆண்டு பொருந்தவில்லை என்றால் சித்தியையும் பெரியம்மையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். சேர்த்துக் கேட்டால் கிறிஸ்துமஸ் போய் ஈஸ்டர் வந்துவிடும். வரிசையையும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்வது உத்தமம். அம்மா பெயருக்குக் கீழே மாமியார் பெயரைத் தைத்துச் சட்டமும் போட்ட பிறகு, பிரித்துத் திரும்பத் தைக்கும்படி உத்தரவு வருவதற்கும் வாய்ப்பு இருக்கிறது.